குதிக்காமல் ஆடினேன், முழங்கால் வலி போனது

நாள் முழுக்கத் தையல் மெஷினே கதி. உடம்பு அசைய வேண்டுமே என்று, செல்லூரில் எங்கள் மொட்டைமாடியில் பக்கத்து வீட்டு அக்காவோடு ஏரோபிக் நடனம் ஆரம்பித்தேன். குதிக்கிற அசைவுகள் வந்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆட்டத்தை விட மனசில்லை. குதிப்பதை மட்டும் எடுத்துவிட்டோம்.

ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஓர் அடி வைத்து, மற்ற காலை அதோடு சேர்த்து, கைகளைத் தோளுக்கு மேலே வீசுங்கள். குதிக்காமலே வியர்த்துக் கொட்டும். சிமென்ட் தரையில் வெறுங்கால் வேண்டாம், மெத்தென்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுநடை.

வேகம் சரியா? ஆடிக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். அப்புறம், மதுரை வெயிலுக்கு விடிகாலைதான் சரி. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நின்று ஆடத் தயக்கமா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டே ஆடலாம். அக்கா இப்போதும் அப்படித்தான் ஆடுகிறார்.