மூன்று சீட்டு, ஒரே உடம்பு: தைராய்டில் நாம் செய்யும் தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். ஒரே ஆளின் பையிலிருந்து மூன்று மருந்துச் சீட்டுகள் வெளியே வருவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று தைராய்டுக்கு, ஒன்று கொலஸ்டிராலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும், இன்னொன்று படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும். எழுதியவர்கள் மூன்று மருத்துவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க மாட்டார். நாமும் காட்டியிருக்க மாட்டோம். முதல் தவறு அதுதான்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். மனப்பதற்றமும் இப்படித்தான் இருக்கும். குறைவாகச் சுரந்தால் சோர்வும் மந்தமும் வரும், சிலருக்குப் பதற்றமும் வரும். அதோடு நிற்பதில்லை. கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து அகற்றும் வேகம் குறைகிறது, ரத்த அழுத்தம் ஏறலாம், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனால் கொலஸ்டிரால் புதிதாகக் கூடியிருந்தாலும், காரணம் தெரியாத படபடப்பு வந்தாலும், தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவைக் கவனிக்காமல் கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தசைவலி வரும் வாய்ப்பு அதிகம்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, உடம்பு இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையின் அளவைத் தாங்களே கூட்டிக்கொள்வது. நாற்பது வயதுள்ள அக்கா ஒருவர் படபடப்புக்கான சீட்டோடு வந்தார். "தைராய்டு மாத்திரை எவ்வளவு போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார். 50 மைக்ரோகிராம் மாத்திரை. "ஒன்றுதான் எழுதினார்கள் தம்பி. எடை குறையவில்லையே என்று இரண்டாகப் போடுகிறேன்" என்றார். அவர் நீட்டிய கையில் விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. படபடப்பு மாத்திரையைக் கொடுக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே திரும்பப் போகச் சொன்னேன். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். அதற்கு மேல் ஏறியதைக் கரைக்க இந்த மாத்திரை உதவாது. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

காபி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ டீயோ குடிக்க வேண்டும். நம் வீடுகளில் மாத்திரையும் டம்ளரும் ஒன்றாகவே வருகின்றன. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. முதுநகர் துறைமுகத்துக்கு விடியுமுன்பே கிளம்பும் மீன்காரப் பெண்மணி ஒருவர், "போனதும் டீ குடிக்காமல் நிற்கவே முடியாது" என்றார். அவருடைய மருத்துவர், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடும்படி மாற்றிக் கொடுத்தார். அப்படியும் வழி இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள்.

அளவை மாற்றியபின் பத்தே நாளில் மறுபடி ரத்தம் கொடுப்பது வீண் செலவு. டி.எஸ்.எச். நிலைபெற 6 முதல் 8 வாரம் ஆகும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தைராய்டு கூடியிருப்பதாகப் பொய்யான முடிவு வரலாம்.

கொலஸ்டிரால், ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது தனி நோய் அல்ல. இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று சரியில்லை என்றால் அந்தப் பெயர். நம்மவர்களுக்கு இடுப்பின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டும் இடத்தில் அளந்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப் சுற்ற வேண்டும். தைராய்டு சரியானாலும் இந்த ஐந்தும் தாமாகச் சரியாகிவிடாது. நடையும் சாப்பாட்டில் கட்டுப்பாடும் வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் படபடப்புக்கும் நல்லது.

டி.எஸ்.எச். சரியான பிறகும் பயமும் பதற்றமும் தொடர்ந்தால், எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் போட்டுவிட்டு மனநல மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பதற்றத்துக்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனநிலை ஏற்றத்தாழ்வுக்காக லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தே தைராய்டைக் குறைக்கக்கூடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பது வழக்கம். அந்த முடிவைத் தைராய்டு மருத்துவர், மனநல மருத்துவர் இருவருக்குமே காட்டுங்கள்.