அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?

மேட்டூர் டேம்ல ஓட்டலாம்னு பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார்) ஒண்ண வாங்கிட்டு என்ன ஆயில் ஊத்துறதுன்னு முழிக்கிறீங்களா, மொதல்ல டப்பால டிசி-டபிள்யூ3 (TC-W3)ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அமெரிக்காவோட போட் தயாரிப்பாளர் சங்கமான என்எம்எம்ஏ குடுக்குற ரேட்டிங் அது, தண்ணில கூலாகுற எஞ்சினுக்குன்னே செஞ்சது.

ஏற்காடு எஸ்டேட்ல பிரஷ் கட்டருக்கு (புல், புதர் வெட்டுற மெஷினுக்கு) வாங்குன 2டி ஆயில் மிச்சம் இருக்கேன்னு அதையே ஊத்திடாதீங்க (நானும் அந்த வேலைய பாத்தவன்தான், பிளக்க கழட்டுனா அடுப்புக்கரி மாதிரி இருந்துச்சு). அந்த டப்பால இருக்குற ஜாஸோ (ஜப்பான் ரேட்டிங்) எஃப்சி, எஃப்டி எல்லாம் காத்துல கூலாகுற, நல்லா சூடேறுற எஞ்சினுக்கு, அதுல இருக்குற உலோக டிடர்ஜென்ட் எரிஞ்சா சாம்பல் நிக்கும், போட் எஞ்சின் சூடு கம்மியா ஓடுறதால அது பிளக்லயும் பிஸ்டன் தலையிலயும் படிஞ்சுடும். டிசி-டபிள்யூ3ல அந்த சாம்பல் கெடையாது. அதுக்காக அத தூக்கி பிரஷ் கட்டர்ல ஊத்துனாலும் தப்பு, அந்த சூட்டுக்கு அது தாங்காது. ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில்? பேச்சே வேணாம்.

அளவு மேனுவல்ல இருக்குறதுதான் கணக்கு. 50:1னா லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 5 லிட்டர் கேனுக்கு 100 மில்லி. புது எஞ்சினுக்கு ஆரம்பத்துல நெறைய மேனுவல் 25:1 கேக்கும், அதாவது லிட்டருக்கு 40. கண்ணளவுல ஊத்தாதீங்க, மருந்து மூடியோ சிரிஞ்சோ வச்சு அளங்க. புகை வருதேன்னு ஆயில கொறச்சா பிஸ்டன் பிடிச்சிக்கும், அப்புறம் சிலிண்டர ரீபோர் பண்ற செலவுதான்.