வகுப்பு முழுவதும் ஒரே விரிதாளில்: ஏரிக் கணக்கெடுப்பிலிருந்து விக்கிமூலம் வரை

மாணவர்களிடம் குழுவாகச் சேர்ந்து எழுதி வாருங்கள் என்று சொன்னால் முகப்பு அட்டையில் நான்கு பெயர் இருக்கும், உள்ளே முழுவதும் ஒருவருடைய கையெழுத்து இருக்கும். அதே வேலையைக் கூகுள் டாக்ஸில் கொடுத்தாலும் ஒருவர்தான் எழுதுவார், மற்றவர்கள் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எனவே கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேலையைப் பற்றிப் பேசிவிடலாம். ஒருவர் எழுதிய பகுதி இன்னொருவர் எழுதியதைப் பார்க்காமல் முடியவே முடியாது என்கிற மாதிரி வேலை இருந்தால்தான் இணையத்தில் கூடி எழுதுவதற்குப் பொருள் இருக்கிறது. அப்படி இல்லாத வேலைக்குத் தாளும் பேனாவும் போதும்.

நான் விழுப்புரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முதலாண்டு பொதுத்தமிழ் வகுப்பில் வணிகவியல், இயற்பியல், கணினி எல்லாத் துறைப் பிள்ளைகளும் கலந்து உட்காருவார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். இவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சியாக நான் கொடுப்பது அவரவர் ஊர் ஏரி. எங்கள் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் நீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. ஒரு மாணவியின் ஊரிலிருந்து வழியும் தண்ணீர் இன்னொரு மாணவனின் ஊருக்கு வந்து சேர்கிறது. அவள் எழுதும் வரிசை சரியா என்று அவனுடைய வரிசைதான் சொல்லும்.

உங்கள் பாடத்திலும் இப்படி ஒன்று இருக்கும். விலங்கியலில் உணவு வலை, வணிகவியலில் ஒரு பொருள் உற்பத்தியாளரிடமிருந்து கடைக்கு வரும் வழி, வரலாற்றில் ஒரே நிகழ்வைப் பற்றிய வெவ்வேறு சான்றுகள். அதைத் தேடுவதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினாலும் தகும்.

விரிதாளை அமைப்பது

முதலில் கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு விரிதாள். ஆசிரியரின் கணக்கில்தான் அதை உருவாக்க வேண்டும், மாணவர் ஒருவருடைய கணக்கில் வேண்டாம். என்னுடைய விரிதாளின் நெடுவரிசைகள் இவை: ஊர், ஏரியின் பெயர், மதகுகள் எத்தனை, கலங்கல் எந்தப் பக்கம், நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, உபரி நீர் எந்த ஏரிக்குப் போகிறது, கடைசியாக எப்போது நிரம்பியது, யாரிடம் கேட்டது, சரிபார்த்தவர் பெயர். தலைப்பு வரிசையை மட்டும் பூட்டிவையுங்கள். அதற்கு வரம்பைப் பாதுகாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. 60 பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது யாருடைய விரலாவது தலைப்பில் பட்டு அது அழிந்துபோகும்.

பகிர்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று அமைத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவது எளிது. ஆனால் கணக்கில் நுழையாமல் திறப்பவர்கள் பெயரில்லாமல், ஏதோ ஒரு விலங்கின் படத்தோடு தெரிவார்கள். யார் எதை எழுதினார் என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. இணைப்பு வகுப்புக்கு வெளியே போய்விட்டால் தடுக்கவும் முடியாது. அதனால் முதல் வாரமே ஒரு கூகுள் படிவம் வழியாக மின்னஞ்சல் முகவரிகளைச் சேகரித்து, அந்த முகவரிகளை மட்டும் எடிட்டர், அதாவது திருத்தும் உரிமை உள்ளவர் என்று சேருங்கள். ஒரு கோப்பை ஒரே சமயத்தில் 100 பேர் வரை திருத்தலாம், எனவே வகுப்பு பெரிதாக இருந்தாலும் தாங்கும்.

கணக்கே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, இணையத்தில் பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுத உதவும் ஈதர்பேட் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள், ஒவ்வொருவர் எழுதுவதும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். ஒரு மணி நேர வகுப்புக்குள் முடிகிற சிறு பயிற்சிக்கு நன்றாகப் பொருந்தும். பல வாரம் ஓடும் வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் வகுப்பில் பாடம் எதுவும் வேண்டாம். எல்லோரும் தத்தம் கைபேசியில் ஒரு வெற்று ஆவணத்தைத் திறக்கட்டும், ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும், அடுத்தவர் எழுதியதை அழிக்கட்டும். ஐந்தே நிமிடத்தில் பக்கம் அலங்கோலமாகிவிடும். அப்போது உங்கள் கணினியைத் திரையில் காட்டி, வெர்ஷன் ஹிஸ்டரி எனும் திருத்த வரலாற்றைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு முன்பிருந்த நிலைக்கு மீட்டெடுங்கள். எதுவும் தொலைந்துபோகாது என்று கண்ணால் பார்த்த பிறகு பிள்ளைகளுக்குத் தயக்கம் போய்விடுகிறது. யார் எப்போது என்ன செய்தார் என்பதும் பதிவாகிறது என்று அதே வகுப்பில் அவர்கள் தெரிந்துகொள்வார்கள். நீங்கள் தனியாக மிரட்ட வேண்டியதில்லை. விரிதாளில் இன்னும் வசதி: கணினியில் ஒரு கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் அந்த ஒரு கட்டத்தின் திருத்த வரலாறு மட்டும் வரும்.

முரண்பாடு வரும் வாரம்

இரண்டாம் வாரத்தில் விரிதாள் ஓரளவு நிரம்பியிருக்கும். ஓர் ஊர்க்காரி தன் ஏரியின் உபரி நீர் தெற்கே உள்ள ஏரிக்குப் போகிறது என்று எழுதியிருப்பாள். அந்தத் தெற்கு ஊர்ப் பையன் தன் ஏரிக்கு நீர் வருவது மேற்கிலிருந்து என்று எழுதியிருப்பான். இந்த இடத்தில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கட்டத்தில் ஒரு கருத்துரை போட்டு, @ குறியிட்டு இருவரையும் அதில் சேர்த்துவிட்டு விலகிவிடுங்கள். அவர்கள் தாத்தாவிடம் கேட்பார்கள், கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக் கால்வாயைத் தேடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கரை மேல் நடந்தும் பார்ப்பார்கள். கால்வாய் நடுவில் வீட்டுமனையாகிப் போயிருப்பது இப்படித்தான் அவர்களுக்குத் தெரியவருகிறது. இரண்டு வரிசையும் ஒத்துப்போகும் வரை, அல்லது ஏன் ஒத்துப்போகவில்லை என்ற காரணம் எழுதப்படும் வரை, இருவருக்கும் அந்த வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துரை எழுதக் கற்பிப்பது தனிப் பாடம். விட்டுவிட்டால் எல்லோரும் சூப்பர், அருமை என்று போட்டுவிட்டுப் போவார்கள். நான் வைத்திருக்கும் விதி: கருத்துரை கேள்வியாக இருக்க வேண்டும், எழுதியவர் ஏதாவது ஒன்றைத் தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பதாக இருக்க வேண்டும். “மதகு மூன்று என்று எழுதியிருக்கிறாய், கட்டுரையில் இரண்டைப் பற்றித்தான் வருகிறது, மூன்றாவது இப்போது பயன்பாட்டில் இல்லையா?” என்று ஒரு மாணவி கேட்டாள் என்றால் அவள் உண்மையிலேயே வாசித்திருக்கிறாள். கருத்துரையைத் தீர்ந்தது என்று மூடுவது கேள்வி கேட்டவர் கையில் இருக்கட்டும். பதில் எழுதுபவரே மூடினால் பாதிக் கேள்விகள் பதிலில்லாமல் மறைந்துவிடும்.

அப்புறம்தான் கட்டுரை. நான்கு பேருக்கு ஓர் ஆவணம், அடுத்தடுத்து நீர் போகும் நான்கு ஊர்கள் ஒரே குழு. வெற்று ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். உள்தலைப்புகளையும், ஒவ்வொன்றின் கீழும் எழுதுபவர் பெயரையும் வாசிப்பவர் பெயரையும் போட்டுக் கொடுங்கள். அடுத்தவர் பகுதியைத் திருத்தும்போது சஜெஸ்டிங் முறையில்தான் திருத்த வேண்டும். அப்போது திருத்தம் நிறத்தில் தெரியும், எழுதியவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். ஒற்று விட்ட இடங்களைத் தோழி காட்டும்போது அவர்கள் எடுத்துக்கொள்கிற விதம் வேறு. நான் சிவப்பு மையில் சுழித்தால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

மதிப்பெண் 10 என்றால் சொந்த எழுத்துக்கு 4, அடுத்தவரை வாசித்ததற்கு 4, குழுவின் முழுக் கட்டுரைக்கு 2 என்று பிரியுங்கள். வாசிப்புக்கு எழுத்துக்குச் சமமான மதிப்பெண் கொடுப்பது அதிகம் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். குறைத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். திருத்த வரலாற்றை வைத்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். ஒருவர் கைபேசி உடைந்து தோழனுடைய கணக்கில் தட்டச்சு செய்திருக்கலாம், இன்னொருவர் நோட்டில் எழுதிவந்து ஒரே மூச்சில் ஒட்டியிருக்கலாம். ஆவணத்தின் கடைசியில் யார் எதைச் செய்தோம் என்று நான்கு வரி அவர்களே எழுதட்டும். கைபேசி இல்லாதவர் தாளில் எழுதிக் கொடுக்கலாம், மற்றவர் தட்டச்சு செய்யலாம், எழுதியவர் பெயர் மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும்.

சில நடைமுறைச் சங்கதிகள்

எழுத்துரு: கடையில் தட்டச்சு செய்துவரும் கோப்புகள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அதை ஆவணத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்ய செல்லினமோ ஜிபோர்டோ போதும். தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிட்டால் வேகம் கூடும். பேசினால் எழுதும் வசதியும் தமிழுக்கு உண்டு. ஊர்ப்பெயர்களையும் சந்தியையும் அது தவறவிடும், அதைத் திருத்துவதும் ஒரு பயிற்சிதான்.

தனியுரிமை: தகவல் சொன்ன பெரியவரின் பெயரை அவர் சம்மதித்தால் எழுதலாம், கைபேசி எண் விரிதாளில் வேண்டவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. பள்ளி ஆசிரியர்கள் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. கல்லூரி முதலாண்டிலும் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

நகல்: பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் தரவிறக்கி வையுங்கள். கூகுள் ஜாம்போர்டு பல வகுப்பறைகளில் புழங்கிய வெண்பலகை, 2024 டிசம்பர் 31 உடன் அதை நிறுத்திவிட்டார்கள். இலவசக் கருவி எதுவும் நம்முடைய சொத்தல்ல.

அடுத்த பருவத்துக்கு விக்கிமூலம்

விரிதாளும் ஆவணமும் பழகிய வகுப்பைத் தமிழ் விக்கிமூலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி அங்கே அமைப்பிலேயே இருக்கிறது. பதிப்புரிமை முடிந்த நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) படங்களாக அங்கே இருக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் கணினி அதைப் படித்து எழுதிய பாடம். படத்தைப் பார்த்துப் பாடத்தைத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்பு பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது.

கணினி இடறும் இடங்களை முன்பே சொல்லிவையுங்கள். துணைக்காலும் ரகரமும் மாறிப்போகும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னா, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். பிள்ளைகள் பலர் அவற்றை முதன்முதலாக அங்கேதான் பார்க்கிறார்கள், அவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடுங்கள். நூலாசிரியரின் பழைய சொல் வழக்கைத் திருத்தக் கூடாது, அச்சில் உள்ளபடியே விட வேண்டும். வரி முடிவில் உடைந்த சொல்லை மட்டும் சேர்த்துவிட வேண்டும்.

தொடங்கும் நாளில் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 பயனர் கணக்குகளுக்கு மேல் விக்கியில் உருவாக்க முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் வகுப்பு முழுவதையும் உட்கார வைத்தால் ஏழாவது பிள்ளையிலிருந்து தடை வரும். அவரவர் கைபேசித் தரவில், வீட்டிலிருந்தே, புனைபெயரில் கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருடைய பங்களிப்புப் பட்டியலையும் நீங்கள் பார்க்கலாம்.

ஒரே நூலை வகுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணைப் பக்கத்தில் எல்லாப் பக்க எண்களும் நிறத்தோடு தெரியும். முதல் வாரம் ஒருவருக்கு இரண்டு பக்கம் மெய்ப்பு பார்க்க, அடுத்த வாரம் வேறொருவருடைய இரண்டு பக்கம் சரிபார்க்க. உரைநடை நூலில் தொடங்குங்கள், செய்யுளும் அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த பக்கங்கள் கைபழகிய பிறகு. விக்கிமூலத்தின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இன்ன நூலில் இன்ன வகுப்பு வேலை செய்கிறது என்று தொடங்கும் முன்பே ஒரு குறிப்பு எழுதிவிட்டால், அங்குள்ள அனுபவமுள்ள பங்களிப்பாளர்கள் பிள்ளைகளின் பேச்சுப் பக்கத்தில் வந்து வழிகாட்ட வசதியாக இருக்கும்.