ஏழைகளுக்கு உதவும்போது சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ் வாரத்தில் பல சபைகளில் விதவைகளின் பெயரை மைக்கில் வாசித்து, முன்னால் வரவழைத்து, சேலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். கொடுப்பவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்று மத்தேயு 6-ல் இயேசு சொன்னதற்கு இது நேர் எதிர். அன்று மாலையே அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த விதவையின் பிள்ளையோடு படிக்கிறவர்களும் பார்க்கிறார்கள். இதற்குக் கூசியே, தேவை அதிகமுள்ள சிலர் அடுத்த முறை வராமல் நின்றுவிடுகிறார்கள்.

உபாகமம் 24:10-13 இந்த விஷயத்தில் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க அயலானின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவனே எடுத்துவந்து கொடுப்பான். அவன் ஏழையானால், அடகு வைத்த மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பணம் கொடுத்தவனுக்கே வாசற்படியில் எல்லை வகுத்த சட்டம் இது. ஆகவே பொருளை வார நாளில் இருவராக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெண் தனியாக இருக்கும் வீடானால் போகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பணத்தை வங்கிக் கணக்கில் போடலாம். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டி ரசீதைப் பெற்றோரிடம் கொடுக்கலாம். ஆண்டறிக்கைக்குத் தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் போதும், பெயர் எதற்கு?

கேட்காமலே முடிவு செய்வது அடுத்த தவறு. பர்திமேயு பார்வையற்றவர் என்பது கூட்டத்துக்கே தெரியும். அப்படியிருந்தும், என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவரிடமே கேட்டார் (மாற்கு 10:51). ரேஷன் அரிசி வரும் வீட்டுக்கு மறுபடி ஐந்து கிலோ அரிசி கொடுப்பதைவிட, சர்க்கரை நோய் மாத்திரைக்கோ, உதவித்தொகைக்கு மனுப் போட இ-சேவை மையத்துக்குக் கூடவே போவதற்கோ ஆள் தேவைப்படலாம். அறுப்பில் வயலின் ஓரத்தை விட்டுவைக்கச் சொல்லும் லேவியராகமம் 19:9-10-ஐயும் இதோடு சேர்த்து வாசியுங்கள். அங்கே ஏழை கையேந்தி நிற்பதில்லை. தனக்கென்று விடப்பட்டதைத் தானே பொறுக்குகிறான். மோவாபிலிருந்து வந்த விதவை ரூத் பிழைத்தது அப்படித்தான். வேலை செய்ய முடிந்தவருக்குத் தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கித் தருவது இதே வழி.

ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்று நிபந்தனை போடாதீர்கள். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவர், அவரும் யூதர்கள் அந்நியராக எண்ணிய சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்கள் பெற்ற சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"தரித்திரர் எப்போதும் இருப்பார்கள்" என்று சொல்லிக் கையை மடக்குவதும் உண்டு. அதே கருத்தைச் சொல்லும் உபாகமம் 15:11, அதனாலேயே கையைத் தாராளமாய்த் திறக்கக் கட்டளையிடுகிறது.

யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. அப்போஸ்தலர் 6-ல், ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். முறையிட்டவர்களை யாரும் அடக்கவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட தரப்பைச் சேர்ந்தவர்களிடமே பொறுப்பு போனதாகத்தான் தெரிகிறது. உங்கள் குழுவிலும் ஒரு விதவை, ஒரு மாற்றுத்திறனாளி, ஊரின் கடைசித் தெருவிலிருந்து ஒருவர் இருக்கட்டும், வாக்குரிமையோடு. தமிழகத்தில் சாதிவாரியாகக் கல்லறையைப் பிரித்து வைத்திருக்கும் இடங்கள் இன்றும் உண்டு. அதை அப்படியே விட்டுவிட்டு அரிசி கொடுப்பதால், பொன் மோதிரக்காரனுக்கு ஒரு இடம், கந்தை உடுத்தியவனுக்கு வேறு இடம் என்று யாக்கோபு 2 கண்டித்த பாவம் நீங்கிவிடாது.

எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியாளாகக் கையாளவில்லை. தன் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார், யாரும் குறை சொல்ல இடமில்லாதபடிக்கு (2 கொரிந்தியர் 8:18-21). பணத்தை இருவர் எண்ணிக் கையெழுத்திடட்டும். மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கடைசியாக, உதவித் திட்டம் தொடங்குமுன் சபையின் சொந்தச் சம்பளப் பதிவேட்டைப் பாருங்கள். ஆலயத்தைப் பெருக்குபவருக்கும், ஆலயப் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளைக்கும், காவலருக்கும் குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்கிறதா, குறித்த நாளில் கிடைக்கிறதா? ஏழைக் கூலியாளின் கூலியை அன்றன்றே, பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24:15. பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள்.