கம்பியைப் பிடுங்காமல் ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் மாறும் முறை

பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் பல உண்டு. அவற்றில் கணினி பெரும்பாலும் எல்லோரும் புழங்கும் பட்டாசலில்தான் இருக்கிறது. மாலையில் ஆச்சி பக்திப் பாடல் கேட்க ஸ்பீக்கர் வேண்டும். எல்லோரும் உறங்கிய பிறகு பிள்ளை பாடக் காணொளி பார்க்க ஹெட்போன் வேண்டும். இதற்காக ஒவ்வொரு முறையும் மேசையை நகர்த்தி, கணினிப் பெட்டியின் பின்புறம் கையை விட்டு, ஒரு கம்பியைப் பிடுங்கி மற்றொன்றைச் செருகுவது துளையைத் தளரச் செய்துவிடும். நாளடைவில் ஒரு காதில் மட்டுமே ஒலி வரும். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிப்பதால் இந்தக் கேடு இன்னும் விரைவாக வரும். எனவே இரண்டையும் ஒரே முறை இணைத்துவிட்டு, மாற்றத்தைத் திரையிலேயே செய்துகொள்வதுதான் முறை.

ஸ்பீக்கர் கம்பியைப் பெட்டியின் பின்புறமுள்ள பச்சைத் துளையில் செருக வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கும் நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்வாங்குவதற்கும் உரியவை. ஹெட்போனை முன்புறத் துளையில் செருகலாம். கைப்பேசியோடு வரும் ஹெட்போனின் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அதில் மைக்கும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளைகள் உள்ள கணினியில் அதைச் செருகினால் ஒலி கேட்கும், பேசுவது போகாது. அதற்கு ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு கம்பி தேவை. முன்புறத் துளையில் ஒலியே வரவில்லையென்றால், உதிரிகள் வாங்கிப் பொருத்திய கணினிகளில் அத்துளையின் உட்கம்பி மதர்போர்டில் (எல்லா உதிரிகளும் இணையும் முதன்மைப் பலகையில்) இணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, விவரம் தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

இனிதான் பலரும் தடுமாறும் இடம். முன்புறத்தில் ஹெட்போனைச் செருகியதும் பல கணினிகள் அதை உணர்ந்து, பின்புற ஸ்பீக்கரைத் தாமாகவே அடக்கிவிடும். கம்பி இருக்கும்வரை ஸ்பீக்கர் பேசாது. விண்டோஸிலும் இரண்டும் ஒரே கருவியாகவே தெரியும். இதைப் பிரிக்கும் வசதி ரியல்டெக் நிறுவனத்தின் ஒலிச்சில்லு உள்ள பல கணினிகளில் உண்டு. அதனுடன் வரும் ரியல்டெக் ஆடியோ மேனேஜர் அல்லது ஆடியோ கன்சோல் என்னும் செயலியைத் திறந்து, ‘டிவைஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ என்னும் பகுதிக்குச் சென்று, முன்புறமும் பின்புறமும் இருவேறு ஒலிகளை ஒரே நேரத்தில் இசைக்கும்படி அமைக்கும் தேர்வைக் குறியுங்கள். அதன்பின் பட்டியலில் ஸ்பீக்கரும் ஹெட்போனும் தனித்தனிக் கருவிகளாக நிற்கும். இந்த ஒரு தேர்வைக் குறித்துவிட்டால் மீதி வேலை மிக எளிது. யூஎஸ்பி ஹெட்போனோ புளூடூத் ஹெட்போனோ வைத்திருப்பவர்களுக்கு இதுவும் வேண்டாம், அவை முதலிலிருந்தே தனிக் கருவிகள்தாம்.

விண்டோஸ் 10-இல் திரையின் கீழ் வலப்புறமுள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, கருவியின் பெயருக்கருகில் உள்ள மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் பட்டியல் விரியும். வேண்டியதைத் தொட்டால் போதும். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் விண்டோஸ், கன்ட்ரோல், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அதே பட்டியல் வரும். அப்படியும் ஜூம் போன்ற செயலியின் ஒலி மாறாமலிருந்தால், அச்செயலியின் ஆடியோ அமைப்பில் தனியாக ஒரு ஸ்பீக்கர் தேர்வு இருப்பதைப் பார்த்து அங்கும் மாற்ற வேண்டும். எச்டிஎம்ஐ கம்பியில் மானிட்டரையோ டிவியையோ புதிதாக இணைத்தவுடன் ஒலி மறைந்தால் அஞ்ச வேண்டாம். ஒலி அத்திரைக்குப் போயிருக்கும், அதே பட்டியலில் திருப்பிக்கொள்ளலாம்.

லினக்ஸ் வைத்திருப்போர் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியிலேயே வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். செருகியதும் ஸ்பீக்கர் அடங்குவது வேண்டாமெனில், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஆல்சாமிக்ஸர் என்னும் ஒலி அமைப்புச் செயலியைத் திறந்து ‘ஆட்டோ மியூட்’ என்பதை அணைக்க வேண்டும். எல்லா ஒலிச்சில்லிலும் இந்தத் தேர்வு இருப்பதில்லை.

தனித்தனிக் கருவிகளாகப் பிரிந்த பின் விண்டோஸ் ஒவ்வொன்றின் ஒலியளவையும் தனியே நினைவில் வைத்திருக்கும். ஆகவே ஸ்பீக்கருக்கு உயர்த்தி வைத்த அளவு ஹெட்போனுக்குத் தொற்றாது. ஆயினும் முதன்முறை மாற்றும்போது காதில் மாட்டுவதற்கு முன்பே அளவைக் குறைத்துவிட்டு, மாட்டிய பின் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. பிள்ளைகள் கேட்கும் கணினியில் ஹெட்போன் அளவை வீட்டுப் பெரியவரே ஒருமுறை கேட்டுப் பார்த்து அமைப்பது நல்லது.