முதல் நாய் தத்தெடுக்கப் போகிறீர்களா? குட்டியை விட்டுவிட்டு வளர்ந்த நாட்டு நாயைப் பாருங்கள்

நாய் வளர்க்க ஆசை வந்ததும் எல்லோரும் குட்டியைத்தான் தேடுகிறார்கள். இதுவரை நாயே வளர்க்காதவர்களிடம் நான் சொல்வது, ஒன்றரை, இரண்டு வயதான நாட்டு நாயைத் தத்தெடுங்கள் என்றுதான். குட்டி வளர்ந்து என்ன குணத்தோடு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வளர்ந்த நாயின் குணத்தைக் காப்பகத்தில் அதற்குத் தினமும் சோறு வைப்பவரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். சென்னையை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: வீட்டில் பேசுங்கள்

நன்றாகக் கவனித்தால் நாட்டு நாய் 12 முதல் 15 வருடம் இருக்கும். காலையில் யார் வெளியே கூட்டிப்போவது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, திடீரென்று மருத்துவச் செலவு வந்தால் கையில் பணம் இருக்குமா? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது பெரியவர்கள். "நான் பார்த்துக்கிறேன்" என்று பிள்ளைகள் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மனசே இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: வீட்டு உரிமையாளர், அசோசியேஷன்

வளர்ப்பு நாய்க்கு அடுக்குமாடிச் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

படி 3: காப்பகத்துக்குப் போங்கள்

வேளச்சேரி புளூ கிராஸ், பெசன்ட் நகரில் இருக்கும் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் மாதிரி இடங்களில் விசாரிக்கலாம். ஒரே நாளில் முடிவு செய்யாமல் இரண்டு, மூன்று முறை, வேறு வேறு நேரத்தில் போங்கள், ஏனென்றால் சோற்று நேரத்தில் குதிக்கிற நாய் மத்தியானம் வேறு மாதிரி இருக்கும்.

நாயைப் பார்த்ததும் தலையைத் தடவக் கையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அதன் கண்ணையே உற்றுப் பார்க்காமல் சும்மா இருங்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கை நீட்டி உங்கள் கையை முகர்ந்துவிட்டு, உடம்பைத் தளர்த்தி, ஒட்டி நின்றால் நல்ல அறிகுறி. வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையிலேயே நடுங்கும் நாய்க்கும் வீடு வேண்டும்தான், ஆனால் அதற்கு அனுபவப்பட்ட கை வேண்டும்.

கேட்க வேண்டியவை: கருத்தடை ஆகிவிட்டதா (தெருவில் பிடித்துக் கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும்), தடுப்பூசி அட்டை எங்கே, உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறதா, குழந்தைகளோடும் பூனைகளோடும் எப்படி.

படி 4: முதல் சில வாரங்கள்

முதல் மூன்று நாள் அது சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும். விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், உடனே குளிப்பாட்டவும் வேண்டாம். வீட்டின் நேர ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், முழுசாக நம்ப மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலதுக்கு இன்னும் நாளாகும். கதவைத் திறக்கும்போது பட்டியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், புது நாய்கள் ஓடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தீபாவளி நெருங்கும்போது கூட்டி வரவே வராதீர்கள்.

சாப்பாடு, காப்பகத்தில் கொடுத்ததையே சில நாள் கொடுத்து மெதுவாக மாற்றுங்கள். மசாலா போடாமல் வேகவைத்த கோழியும் சோறும் போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

அப்புறம் கால்நடை மருத்துவர். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம், பார்வோ, டிஸ்டம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகள் அவர் சொல்லும் இடைவெளியில், கூடவே குடற்புழு மருந்து. காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். மாநகராட்சி உரிமத்தையும் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லை என்றால் கூட்டி வந்த காப்பகத்துக்கே போன் செய்து திருப்பி ஒப்படையுங்கள். என்ன ஆனாலும் தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.