பாயிங்க் அடிக்கடி நின்றதற்குக் கிடைத்த தீர்வு

சிங்கப்பூரின் பிடோக்கில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை, புரத வடிவங்களைக் கணிக்கும் ரொசெட்டா அட் ஹோம் திட்டத்துக்குக் கொடுக்கிறேன். திடீரென்று, அத்திட்டத்தின் கணக்கீடுகளை என் கணினியில் ஓட்டும் பாயிங்க் (BOINC) மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கீட்டை நிறுத்தத் தொடங்கியது. வெக்கையோ என்று மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன். பயனில்லை.

பாயிங்கின் நிகழ்வுப் பதிவைத் திறந்தபோது காரணம் தெரிந்தது: ‘செயலி வேறு வேலையில் உள்ளது’. மற்ற நிரல்களின் பயன்பாடு செயலியின் (CPU) திறனில் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பாயிங்க் ஒதுங்கிக்கொள்ளும். இது அதன் இயல்பான அமைப்பு. பின்னணியில் ஓடிய படச் சேமிப்பு நிரல் அவ்வப்போது அந்த எல்லையைத் தொட்டிருக்கிறது.

பலரும் கவனிக்காதது இதுதான்: திட்டத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை மாற்றினாலும், கணினியிலேயே அமைப்புகள் சேமிக்கப்பட்டிருந்தால் அவையே செல்லும். மென்பொருளின் கணக்கீட்டு விருப்பங்களில் 75 ஆக்கினேன். அப்பாடா, இப்போது தடையின்றி ஓடுகிறது.